சிம்ப்சன்ஸ் ரசிகர்களுக்கு 10 புத்தகங்கள்: ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்து கச்சிராயபாளையம் வரை

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வார எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிச்சது. கேட்டது என் அக்கா பையன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சியில இருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலைக்கு, போற வழியில மலையடிவாரத்துல இருக்கு. ஒரு பக்கம் கோமுகி அணை, இன்னொரு பக்கம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. அரவை சீசன்ல கரும்பு ஏத்தின டிராக்டர் வரிசைக்குப் பின்னாடி மாட்டினா, அன்னிக்கு நீங்க எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

பையன் திண்ணையில உட்கார்ந்து போன்ல எதையோ பார்த்துச் சிரிச்சிட்டிருந்தான். எட்டிப் பார்த்தா, மஞ்சள் மூஞ்சி ஹோமர் சிம்ப்சன். "சிம்ப்சன்ஸ் முன்னாடியே சொல்லிட்டாங்க"னு வருமே ரீல்ஸ், அது வழியா உள்ளே போயிருக்கான். அப்புறம் முழு எபிசோடையே பார்க்க ஆரம்பிச்சிட்டான். இங்கிலீஷ் பாதிதான் புரியுது, ஆனாலும் விடலை. எங்கக்கா வந்து, "ஏன்டா தம்பி, இவனுக்கு ஏதாவது புக்கு வாங்கிக் குடுடா, எந்நேரமும் போனு"ன்னு என்கிட்ட புகார் வைக்குது. அவன் உடனே கேட்டான்: "மாமா, இதே மாதிரி தமிழ்ல புக் இருக்கா?"

நான் நெட்ல தேடினேன். "சிம்ப்சன்ஸ் பிடிக்குமா, இதைப் படியுங்க"ன்னு எக்கச்சக்க பட்டியல் இருக்கு. எல்லாமே இங்கிலீஷ் புத்தகம், அமெரிக்க வாசகருக்கு. இந்தப் பையனுக்கு அதுல ஒண்ணுகூட உதவாது. அதனால நானே ஒரு பட்டியல் போட்டேன். பத்து புத்தகம். எட்டைத் தமிழ்லயே படிக்கலாம். இரண்டு இங்கிலீஷ்.

முதல்ல ஒரு நிமிஷம் அறிமுகம். சிம்ப்சன்ஸை உருவாக்கினவர் மேட் க்ரேனிங். 1987-ல ஒரு டிவி நிகழ்ச்சிக்கு நடுவுல வர்ற குட்டிக் குட்டிப் படங்களா ஆரம்பிச்சது. 1989 டிசம்பர் 17-ல இருந்து அரை மணி நேரத் தொடர். இன்னிக்கு வரைக்கும் ஓடுது, 750 எபிசோடைத் தாண்டியாச்சு. அப்பா ஹோமர், அம்மா மார்ஜ், பையன் பார்ட், பொண்ணு லிசா, கைக்குழந்தை மேகி. ஹோமர், லிசா, மேகி எல்லாம் க்ரேனிங்கோட சொந்த வீட்டு ஆட்கள் பெயர்தான். அவரோட அப்பா பெயரே ஹோமர். யாருக்கும் வயசு ஏறாது. 1989-ல பத்து வயசா இருந்த பார்ட்டுக்கு இப்பவும் பத்து வயசுதான். அவங்க இருக்கிற ஊர் ஸ்பிரிங்ஃபீல்ட். அது எந்த மாநிலம்னு சொல்லவே மாட்டாங்க, அதுவே ஒரு தொடர் ஜோக். ஊருக்கு ஒரே பெரிய வேலை இடம், அணுமின் நிலையம். பாதி ஊர் அதை நம்பித்தான் இருக்கு.

இதைச் சொன்னதும் என் மருமவன், "நம்ம ஊர்ல மில்லு மாதிரி"ன்னான். அந்த இடத்துல எனக்குப் பட்டியல் எப்படிப் போடணும்னு பிடிபட்டுச்சு. சிம்ப்சன்ஸ்ல நமக்குப் பிடிச்சது எது எதுன்னு தனித்தனியாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு புத்தகம். வாங்க.

பார்ட் பிடிக்குமா? — ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்

ஆர்.கே. நாராயணோட முதல் நாவல், 1935-ல வந்தது. தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கு. சுவாமிநாதன்னு ஒரு பையன், மணி, ராஜம்னு நண்பர்கள், மால்குடின்னு ஒரு ஊர். திங்கள்கிழமை காலையில கண் முழிக்கவே பிடிக்காத பையன். சத்தியாக்கிரகக் கூட்டத்தோட சேர்ந்துக்கிட்டு ஸ்கூல் கண்ணாடியை உடைக்கிறான். பிரம்படிக்குப் பயந்து ஓடுறான். கிரிக்கெட் டீம் ஆரம்பிச்சு அதுக்கு எம்.சி.சி.ன்னு பேர் வைக்கிறாங்க. மால்குடி கிரிக்கெட் கிளப்!

பார்ட்டை நாம வெறும் சேட்டைக்காரனா நினைவு வச்சிருப்போம். ஆனா 1990-ல வந்த ஒரு எபிசோட்ல அவன் நிஜமாவே உட்கார்ந்து படிப்பான். ராத்திரி முழுக்கப் படிச்சும் ஃபெயில்னு தெரிஞ்சதும் டீச்சர் முன்னாடி உடைஞ்சு அழுவான். சேட்டைக்காரப் பையனுக்குள்ள ஒரு பயந்த பையன் இருக்கான்னு காட்டின எபிசோட். ஸ்வாமி நாவல் முழுக்க அந்தப் பயம் ஓடுது. கடைசியில ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு காட்சி வரும். சொல்ல மாட்டேன். பத்து வயசுல ஒரு நண்பனை இழந்தவங்க யாரா இருந்தாலும் அந்தப் பக்கத்தைச் சும்மா தாண்ட முடியாது.

மால்குடியும் ஸ்பிரிங்ஃபீல்ட் மாதிரி மேப்ல இல்லாத ஊர். ஒரு ஆறு, பக்கத்துல மலை, காடு. சரயு ஆறு, மெம்பி மலை. நான் இதை முதல்ல படிச்சப்போ கோமுகி ஆத்தையும் கல்வராயன் மலையையும் அங்கே வச்சுத்தான் படிச்சேன். நீங்க உங்க ஊரை வச்சுப் படிப்பீங்க.

ஹோமர் பிடிக்குமா? — துப்பறியும் சாம்பு

தேவன் எழுதியது. 1940-களில் ஆனந்த விகடன்ல வந்த கதைகள். சாம்பு ஒரு பேங்க் குமாஸ்தா. எல்லாரும் அவனை முட்டாள்னே முடிவு கட்டிட்டாங்க. அவன் துப்பறிய இறங்குறான். தப்பான ஆளைத் தொடர்ந்து, தப்பான கதவைத் திறந்து, தடுக்கி விழற இடத்துல திருடன் இருப்பான். ஊர் முழுக்க, "என்ன மூளை சார்!"னு பாராட்டும். இன்ஸ்பெக்டர் கோபாலனே தேடி வந்து உதவி கேட்பார். தனக்கு எப்படி வெற்றி கிடைச்சதுன்னு சாம்புவுக்கே தெரியாது.

ஹோமர் வேலை என்ன? அணுமின் நிலையத்துல பாதுகாப்பு ஆய்வாளர்! அந்த வேலைக்குக் கொஞ்சமும் தகுதி இல்லாத ஆள், ஆனா ஒவ்வொரு தடவையும் எப்படியோ தப்பிச்சிடுவான். இரண்டு பேரையும் நாம ஏன் வெறுக்கிறதில்லை? அவங்க யாரையும் ஏமாத்தணும்னு நினைக்கலை. ஏமாறத் தயாரா இருந்தது ஊர்தான். தேவன் கிண்டல் பண்றது சாம்புவை விட, சாம்புவை மேதைன்னு நம்பின பெரிய மனுஷங்களைத்தான். இந்தக் கதைகளைக் கோபுலு பின்னாடி படக்கதையாவும் வரைஞ்சார்.

அதே வகையில ஒரு இங்கிலீஷ் புத்தகம் — தி டைம் மெஷின் டிட் இட்

ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர்னு ஒருத்தர். சிம்ப்சன்ஸ்ல அதிக எபிசோட் எழுதினவர் அவர்தான், 59. வெளியே முகமே காட்ட மாட்டார். தொடரை விட்டு வந்தப்புறம் சொந்தமாவே நாவல் எழுதி வெளியிட ஆரம்பிச்சார். முதல் நாவல் 2004-ல வந்த இது. ஹீரோ ஃபிராங்க் பர்லின்னு ஒரு முட்டாள் துப்பறிவாளன்! சாம்புவைப் படிச்சிட்டு இதைப் படிச்சா சிரிப்பு வரும், கூடவே ஒரு பெருமையும் வரும். இவருக்கு அறுபது வருஷம் முன்னாடியே நம்ம ஆள் ஒருத்தர் இதை வாராவாரம் எழுதியிருக்கார். சின்னச் சின்ன வாக்கியம், வரிக்கு ஒரு ஜோக். இங்கிலீஷ் படிச்சுப் பழக நினைக்கிறவங்களுக்கு நல்ல புத்தகம்.

ஹோமர்–மார்ஜ் சண்டை பிடிக்குமா? — அப்புசாமி, சீதாப்பாட்டி கதைகள்

எழுதினவர் பாக்கியம் ராமசாமி. அது புனைபெயர். அம்மா பெயர் பாக்கியம், அப்பா பெயர் ராமசாமி, இரண்டையும் சேர்த்து வச்சுக்கிட்டார். நிஜப் பெயர் ஜ.ரா. சுந்தரேசன். சேலம் பக்கம் ஜலகண்டாபுரத்துக்காரர். நம்ம பக்கத்து ஆளுன்னே வச்சுக்கலாம். 1963-ல குமுதத்துல அப்புசாமி தாத்தாவும் சீதாப்பாட்டியும் வந்தாங்க. ஓவியர் ஜெயராஜ் வரைஞ்ச அந்தத் தாத்தா பாட்டி முகம் ஒரு தலைமுறைக்கே மனப்பாடம்.

சீதாப்பாட்டி இங்கிலீஷ் பேசுவாங்க, பாட்டிகள் முன்னேற்றக் கழகத்துக்குத் தலைவி. அப்புசாமிக்குப் படிப்பு வாசனை கம்மி, ஆனா ஆசைக்குக் குறைவே இல்லை. ஒவ்வொரு வாரமும் பாட்டியை ஜெயிச்சுக் காட்டணும்னு ஒரு திட்டம் போடுவார். ரசகுண்டு, பீமாராவ்னு இரண்டு சிஷ்யர்கள் கூட இருப்பாங்க. திட்டம் புட்டுக்கும். கடைசியில பாட்டிதான் காப்பாத்தணும். மார்ஜும் ஹோமரும் இதேதானே? இவங்களுக்கும் வயசே ஏறலை. எத்தனையோ ஆட்சி மாறிச்சு, அப்புசாமி அதே அப்புசாமி. கார்ட்டூன் தொடர்ல மட்டும்தான் இது நடக்கும்னு நினைச்சா, நம்ம வாரப் பத்திரிகையில அச்சுலயே நடந்திருக்கு.

இன்னிக்கு வாசிச்சா சில ஜோக் பழசாத் தெரியும். உருவத்தை வச்சு, பெண்களை வச்சு வர்ற சில ஜோக் உங்களுக்கு நெருடலாம். சிம்ப்சன்ஸோட பழைய எபிசோடும் அப்படித்தான். இதைப் பற்றிப் பின்னாடி அப்பு விஷயத்துல பேசுறேன்.

ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரே பிடிக்குமா? — ஸ்ரீரங்கத்து தேவதைகள்

சிம்ப்சன்ஸோட நிஜ பலம் அந்தக் குடும்பம் இல்லை, ஊர். பார் வச்சிருக்கிற மோ, மளிகைக் கடைக்காரர், பாதிரியார், பக்கத்து வீட்டு பக்திமான் நெட் ஃப்ளாண்டர்ஸ், பேராசைக்கார முதலாளி பர்ன்ஸ். யாரை எடுத்தாலும் ஒரு எபிசோட் பண்ணலாம். சுஜாதா ஸ்ரீரங்கத்துல அதைப் பண்ணினார். சின்ன வயசுல பாட்டி வீட்டுல வளர்ந்தப்போ பார்த்த ஆட்கள். ரங்கு கடையில உட்கார்ந்து உலக விஷயம் பேசற கூட்டம், தெருவுல திரியற குண்டு ரமணி. ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை. முதல் பக்கத்துல சிரிக்க வச்சு, கடைசிப் பத்தியில தொண்டையை அடைக்க வைப்பார்.

சுஜாதான்னா ரோபோ, கம்ப்யூட்டர், கணேஷ்-வசந்த்னு மட்டும் தெரிஞ்சவங்க இங்கிருந்து ஆரம்பிங்க. படிச்சு முடிச்சதும் உங்க தெரு டீக்கடையில யார் ரங்குன்னு தேட ஆரம்பிச்சிடுவீங்க.

மதத்தைக் கிண்டல் பண்ற எபிசோட் பிடிக்குமா? — கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்

1992-ல வந்த ஒரு எபிசோட்ல ஹோமர் இனிமே சர்ச்சுக்குப் போக மாட்டேன்னு முடிவு பண்ணிடுவான். கனவுல கடவுளே வந்து அவனோட பேசுவார். இரண்டு பேரும் சிநேகமாயிடுவாங்க. அமெரிக்க டிவியில அது பெரிய தைரியம்.

புதுமைப்பித்தன் அதை 1940-களிலேயே எழுதிட்டார். கடவுள் சென்னைக்கு வர்றார். பிராட்வே முனையில நிக்கிற கந்தசாமிப் பிள்ளையைச் சந்திக்கிறார். பிள்ளை ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துறவர். இரண்டு பேரும் காபி குடிக்கப் போறாங்க. கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்ட, ஹோட்டல்காரருக்குச் சந்தேகம். பிள்ளைக்குக் கடவுளைப் பார்த்ததும் வர்ற முதல் யோசனை, இவரைப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்ட வைக்க முடியுமாங்கிறதுதான். யாரோட ஆயுளுக்குன்னு ஒரு வில்லங்கம் வரும் பாருங்க, அங்கே நான் புத்தகத்தை மூடி வச்சிட்டுச் சிரிச்சேன்.

கடவுளுக்கு இந்த ஊர்ல பிழைக்கத் தெரியலை. அதுதான் கதை. மோசமா இருக்கிறது சாமியா ஊரான்னு உங்களையே யோசிக்க விட்டுட்டுப் போயிடுவார். ஒரே சிறுகதைதான், ஒரு மணி நேரம் போதும். புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. இணையத்துல இலவசமாவே கிடைக்கும், காசு இல்லைங்கிற சாக்கு செல்லாது.

மேயர் குவிம்பி பிடிக்குமா? — வாழ்க வாழ்க

இது எங்க பக்கத்துக் கதை. விருத்தாசலம், கள்ளக்குறிச்சி, கடலூர்னு இந்த நடுநாட்டுப் பேச்சை இலக்கியத்துக்குக் கொண்டு வந்தவர்கள்ல இமையம் முக்கியமானவர். 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020-க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கினவர்.

'வாழ்க வாழ்க' ஒரு குறுநாவல். கட்சிப் பொதுக்கூட்டம். தலைவர் வர்றார். கூட்டம் காட்டணும். காசு பேசி, கிராமத்துப் பெண்களை வண்டியில ஏத்திக் கொண்டு வந்து வெயில்ல உட்கார வைக்கிறாங்க. தலைவர் வர நேரமாகுது. தண்ணி இல்லை, ஒதுங்க இடமில்லை, நாற்காலிக்குச் சண்டை, சாதிப் பேச்சு. முதல் பாதியில அந்தப் பெண்கள் பேசறதைக் கேட்டு நீங்க விழுந்து விழுந்து சிரிப்பீங்க. எங்க அக்கா, அத்தை, பக்கத்து வீட்டுச் சித்தி எல்லாரும் பேசற அதே பேச்சு. போகப் போகச் சிரிப்பு நின்னுடும். ஸ்பிரிங்ஃபீல்ட் மேயர் குவிம்பி கூட்டத்தைப் பார்த்துப் பொய் சொல்றதோட அந்த எபிசோட் முடிஞ்சிடும். இமையம் கேமராவைத் திருப்பி, கூட்டத்துல உட்கார்ந்திருக்கிறவங்க பக்கம் வைக்கிறார்.

லிசா பிடிக்குமா? — டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி

ஜப்பானைச் சேர்ந்த டெட்சுகோ குரோயாநாகி தன் சின்ன வயசைப் பற்றி எழுதியது. 1981-ல வெளியானது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடா தமிழ்ல கிடைக்குது, விலையும் கம்மி. ஒண்ணாம் வகுப்புலயே ஸ்கூலை விட்டு அனுப்பப்பட்ட பொண்ணு. காரணம்? மேஜை மூடியைத் திறந்து திறந்து மூடுது, ஜன்னல்ல நின்னு தெருவுல போற பாட்டுக்காரங்களைக் கூப்பிடுது. அடுத்து சேர்ற ஸ்கூலோட வகுப்பறைகள் பழைய ரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி முதல் நாளே நாலு மணி நேரம் அந்தக் குழந்தை பேசறதைக் கேட்கிறார். வேற ஒண்ணும் செய்யலை. கேட்கிறார், அவ்வளவுதான்.

லிசா ரசிகர்களுக்கு 1991-ல வந்த ஒரு எபிசோட் ஞாபகம் வரும். தற்காலிகமா ஒரு டீச்சர் வருவார், லிசாவைப் புரிஞ்சுக்கிட்ட முதல் ஆள். கிளம்பும்போது ஒரு சின்னக் காகிதம் கொடுத்துட்டுப் போவார். அந்த எபிசோட்ல கண் கலங்கினவங்களுக்கு டோட்டோ-சான் நிச்சயம். ஸ்கூல்ல உங்களை 'அடங்காதது'ன்னு முத்திரை குத்தியிருந்தா, இன்னும் நிச்சயம்.

ரீல்ஸ்ல வர்ற 'முன்கணிப்பு' பிடிக்குமா? — தி சிம்ப்சன்ஸ் அண்ட் தேர் மேத்தமேட்டிக்கல் சீக்ரெட்ஸ்

இது இங்கிலீஷ், 2013. எழுதினவர் சைமன் சிங். பஞ்சாபில் இருந்து பிரிட்டன் போன குடும்பத்துல பிறந்த அறிவியல் எழுத்தாளர்.

முன்கணிப்பு விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம். டிரம்ப் அதிபரானதா 2000-ல ஒரு எபிசோட்ல ஒரு வரி வந்தது நிஜம். ஆனா 750 எபிசோட், ஒவ்வொண்ணுலயும் நூறு ஜோக்குன்னு வச்சுக்கோங்க, ஏதாவது ஒண்ணு பலிக்கத்தானே செய்யும்? ரீல்ஸ்ல சுத்தற படங்கள்ல பல, பின்னாடி செஞ்சு ஒட்டின போலி.

நிஜ அதிசயம் வேற. இந்தத் தொடரை எழுதினவங்கள்ல பல பேர் கணக்கு, இயற்பியல், கம்ப்யூட்டர் படிச்சவங்க. யாருக்கும் தெரியாம பின்னணியில கணக்கை ஒளிச்சு வைப்பாங்க. 1995-ல ஒரு ஹாலோவீன் எபிசோட்ல ஹோமர் முப்பரிமாண உலகத்துக்குள்ள விழுவான். பின்னாடி காத்துல ஒரு சமன்பாடு மிதக்கும்: 1782-இன் 12-ஆம் அடுக்கையும் 1841-இன் 12-ஆம் அடுக்கையும் கூட்டினா 1922-இன் 12-ஆம் அடுக்கு. சாதாரண கால்குலேட்டர்ல போட்டா சரின்னு காட்டும். ஆனா ஃபெர்மாவோட கடைசித் தேற்றப்படி அப்படி இருக்கவே முடியாது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? கால்குலேட்டர் வேண்டாம். 1782 இரட்டைப்படை, 1841 ஒற்றைப்படை. எத்தனை தடவை பெருக்கினாலும் இரட்டை இரட்டைதான், ஒற்றை ஒற்றைதான். இரண்டையும் கூட்டினா ஒற்றை. வலது பக்கம் 1922, இரட்டை. முடிஞ்சது கதை! கால்குலேட்டரை ஏமாத்துற அளவுக்கு நெருக்கமா அந்த எண்களைத் தேட, டேவிட் கோஹென்கிற எழுத்தாளர் தனியா ஒரு புரோகிராமே எழுதினார்.

என் மருமவன்கிட்ட இதைச் சொன்னப்போ போனைக் கீழே வச்சிட்டு நோட்டு எடுத்தான். நான் பார்த்த சாட்சி.

இன்னொண்ணு. இதே க்ரேனிங்கோட இன்னொரு தொடர் ஃபியூச்சுராமா. அதுல பெண்டர்ங்கிற ரோபோவுக்கு எண் 1729. நம்ம ராமானுஜன் எண்! 1-இன் கனம் கூட்டல் 12-இன் கனம், 9-இன் கனம் கூட்டல் 10-இன் கனம், இரண்டுமே 1729. கும்பகோணத்துல வளர்ந்த பையனுக்கு, ஹாலிவுட்ல கார்ட்டூன் எழுதறவங்க வச்ச சலாம். இதையும் சைமன் சிங் எழுதியிருக்கார்.

அப்புவைப் பார்த்து நெருடுச்சா? — பதேர் பாஞ்சாலி

கடைசிப் புத்தகம். சிம்ப்சன்ஸ்ல ரொம்ப வருஷம் இருந்த ஒரே முக்கிய இந்தியப் பாத்திரம் மளிகைக் கடைக்காரர் அப்பு. கம்ப்யூட்டர்ல பிஎச்.டி. முடிச்சவர், கடையில நிப்பார். நல்ல மனுஷன். ஹோமர் வீடு தீப்பிடிச்சப்போ அணைக்க ஓடி வர்றவங்கள்ல அவரும் ஒருத்தர். ஆனா அவருக்குக் குரல் கொடுத்தது ஹாங்க் அசாரியாங்கிற வெள்ளைக்கார நடிகர், இழுத்து இழுத்து ஒரு 'இந்திய' இங்கிலீஷ்ல. அமெரிக்காவுல வளர்ந்த இந்தியக் குழந்தைங்க பல பேரை ஸ்கூல்ல அந்தக் குரல்லயே கேலி பண்ணியிருக்காங்க. 2017-ல ஹரி கொண்டபோலுங்கிற காமெடியன் இதைப் பற்றி ஒரு ஆவணப்படமே எடுத்தார். 2020-ல அசாரியா இனிமே அந்தக் குரல் கொடுக்க மாட்டேன்னு அறிவிச்சார்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? சத்யஜித் ராயோட அப்பு படங்கள்ல இருந்து. அந்தப் படங்கள் விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய் எழுதின நாவல்கள்ல இருந்து. 'பதேர் பாஞ்சாலி' 1929-ல புத்தகமா வந்தது. 'நாகம்மாள்' எழுதின நம்ம ஆர். சண்முகசுந்தரம் இதைத் தமிழுக்குக் கொண்டு வந்தார். வங்காளக் கிராமத்துல வறுமைக்கு நடுவுல ஒரு பையன், அவனுக்கு துர்கான்னு ஒரு அக்கா. காடு, மழை, தின்பண்டத்துக்கு ஏக்கம், தூரத்துல போற ரயில் மேல ஆசை. இந்த அப்புவுக்கு யாரும் குரல் மாத்திப் பேச வேண்டியதில்லை. தன் குரல்லயே பேசறான். இது காமெடி நாவல் இல்லை. இருந்தாலும் பட்டியல்ல வச்சேன். ஒரு பெயர் ஜோக்கா மாறறதுக்கு முன்னாடி யாரா இருந்ததுன்னு தெரிஞ்சுக்கணும்னு வச்சேன்.

சரி, பத்து முடிஞ்சது. இப்போ நான் ஏன் இந்த எபிசோடைப் பண்ணினேன்னு சொல்றேன்.

பட்டியலை எல்லாம் கேட்டுட்டு என் மருமவன் இன்னொரு கேள்வி கேட்டான். "நம்ம ஊரை வச்சு யாராச்சும் இப்படி சிரிக்கிற மாதிரி எழுதியிருக்காங்களா மாமா?" எனக்குத் தெரிஞ்சு இல்லை. இமையம் பக்கத்துல வர்றார். ஆனா அணை, மில், மலையில இருந்து இறங்கி வர்ற பஸ், சந்தை எல்லாம் சேர்ந்த கச்சிராயபாளையத்தை வச்சு ஒரு சிரிப்புக் கதை நான் படிச்சதில்லை.

நான் சென்னையில இருக்கேன். புதுசா யாராவது "எந்த ஊர்?"னு கேட்டா, கள்ளக்குறிச்சி பக்கம்னு சொல்லுவேன். 2024 ஜூனுக்கு அப்புறம் அந்தப் பேரைச் சொன்னா எதிர்ல இருக்கிறவங்க முகம் மாறுது. கருணாபுரத்துல விஷச் சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. அதை மறக்கச் சொல்லலை, மறக்கவும் கூடாது. ஆனா சில பேர் அடுத்த நிமிஷமே அதை வச்சு ஒரு ஜோக் சொல்லுவாங்க. "பார்த்துக் குடி மச்சி"ன்னு. ஹோமர் மோ கடையில விழுந்து கிடக்கிறதைப் பார்த்து நானும்தான் சிரிச்சிருக்கேன். ஹோமருக்கு அடுத்த வாரம் எல்லாம் பழையபடி ஆயிடும். எங்க பக்கத்துல அடுத்த வாரம் அந்த வீடுகள்ல காரியம் நடந்துச்சு.

அப்புவைப் பார்த்த இந்தியக் குழந்தைகளுக்கு எப்படி இருந்திருக்கும்னு எனக்கு அன்னிக்குத்தான் கொஞ்சம் விளங்கிச்சு. ஒரு ஊரைப் பற்றி வெளியாள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தா, அதை வச்சுத்தான் சிரிப்பான். சுஜாதா ஸ்ரீரங்கத்தைக் கேலி பண்ணினப்போ ஸ்ரீரங்கத்துக்காரங்க சந்தோஷப்பட்டாங்க, ஏன்னா ரங்கு கடையில அவரும் உட்கார்ந்திருந்தார். கேலி பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லலை. எங்க ஊரை யாராவது உள்ளே இருந்து, ஆசையா, முழுசாக் கேலி பண்ணணும்னு நான் காத்துட்டிருக்கேன். கரும்பு டிராக்டருக்குப் பின்னாடி மாட்டின கல்யாண வேன்ல மாப்பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு யாராவது எழுதுங்களேன்!

கிளம்புற அன்னிக்கு நான் எடுத்துட்டுப் போயிருந்த 'துப்பறியும் சாம்பு'வை அவன்கிட்ட கொடுத்துட்டு வந்தேன். பத்து நாள் கழிச்சு அக்கா போன் பண்ணிச்சு. "ஏன்டா, என்ன புக்கைடா குடுத்த? ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா உட்கார்ந்து சிரிக்குது புள்ள, எங்க மாமியாரு பயந்துடுச்சி"ன்னுச்சு. அப்புறம் போனை வாங்கி அவன் பேசினான். நோட்டுல ஏதோ எழுத ஆரம்பிச்சிருக்கானாம். மில்லுல வேலை பாக்கிற ஒரு ஆளு, ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லாம் சரியா நடந்துடும். பேரு இன்னும் வைக்கலையாம்.

உங்க ஊரை வச்சு இப்படி ஒரு புத்தகம் உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கு எழுதுங்க. தெரியலைன்னா, நீங்களே எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.